தோற்றத்திற்காக என்று எழுதப்பட்ட நான்கு வளையங்கள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். கோபத்தோடு சொல்லத் தொடங்கினால் வரிசை குலைந்துவிடும்.

1. எங்கள் கல்லூரி அணி ஒரு ரோபோ செய்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நின்று நின்று போனது. காரணத்தைக் கண்டுபிடித்து, சக்கரங்களுக்கு நான்கு வளையங்கள் போட்டுச் சரிசெய்தோம்.
2. அந்தக் காரணத்தை நான் அணியின் நோட்டில் எழுதி வைத்தேன்.
3. போட்டிக்குச் சில நாட்கள் முன்பு, அணிக்குப் பொறுப்பான சார் அந்தப் பக்கங்களைக் கிழித்தார். மீதியை ஃபேர் நோட்டாக எழுத வைத்தார்.
4. போட்டியன்று ஒரு ஜூனியர் மாணவி ஃபேர் நோட்டைப் படித்துப் பார்த்துவிட்டு நான்கு வளையங்களையும் கழற்றினாள்.
5. ரோபோ பழையபடி நின்றது.
6. பழி அந்த மாணவி மேல் விழுந்தது.

முதல் ஐந்தும் எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியவை. ஆறாவதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். நான் இராஜபாளையத்திலிருந்து பேருந்தில் போய் வருகிறவள். இது எனக்குக் கடைசி வருடம். மதுரையில் நடக்கும் அந்தப் போட்டியில் ரோபோவோடு ஒரு நோட்டும் கொடுக்க வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. அன்றன்றைக்கு என்ன செய்தோம், எது வேலை செய்யவில்லை, ஏன் மாற்றினோம், யார் முடிவெடுத்தது என்று தேதி போட்டு எழுத வேண்டும். பக்கம் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதியதை ஒரே கோட்டால் அடிக்கலாம், ஆனால் அடித்தது படிக்கத் தெரிய வேண்டும்.

அந்த விதிகளைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை என் வகுப்பில் யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள். மூன்றரை வருடமாக நாங்கள் எழுதி வந்தது ரெக்கார்டு நோட்டு. அதன் முறையே வேறு. ஆய்வகத்தில் கிடைத்த அளவை முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுவோம். அளவு சரியாக வராவிட்டால் சீனியரின் ரெக்கார்டை வாங்கி, அதில் உள்ளதைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றிப் போட்டுக்கொள்வோம். பிறகு வீட்டில் உட்கார்ந்து வலப்பக்கம் பேனாவில் விளக்கமும் இடப்பக்கம் பென்சிலில் படமுமாக ரெக்கார்டில் அழகாக ஏற்றுவோம். எந்தச் சோதனை ஆனாலும் கடைசி வரி ஒன்றுதான்: முடிவு சரிபார்க்கப்பட்டது. எங்கள் கல்லூரியின் ரெக்கார்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஆய்வகத்தில் ஒரு ஃபியூஸ்கூடப் போனதில்லை.

அதனால் இந்த நோட்டை நான் வேறு மாதிரி வைத்துக்கொள்ள நினைத்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் தைத்துக் கட்டிய நீள நோட்டு ஒன்று வாங்கி, எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டேன். கிரீஸ் கையோடு எழுதினோம். அணித்தலைவனின் எழுத்து எறும்பு மை மிதித்து ஓடியது போல இருக்கும். அதையும் அப்படியே விட்டேன். உடைந்த பல்சக்கரத்தின் ஒரு துண்டை ஒரு பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தோம்.

ஓட்டிப் பழகக் கல்லூரியில் இடம் இல்லை. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை தன் பழைய கிடங்கைக் கொடுத்தது. அங்கேதான் ரோபோ நிற்கத் தொடங்கியது. நன்றாக ஓடும், பெட்டியைத் தூக்கும், திரும்பும், திடீரென்று செத்தது போல நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். மோட்டாருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் போர்டு தொட முடியாத அளவுக்குச் சுட்டது. போர்டுதான் கோளாறு என்று புதிது வாங்கி மாட்டினோம். அதுவும் சுட்டது. பேட்டரியைச் சந்தேகப்பட்டோம், வயரைச் சந்தேகப்பட்டோம், புரோகிராம் எழுதினவன் என்பதற்காக அணித்தலைவனைச் சந்தேகப்பட்டோம். ஒவ்வொரு சந்தேகமும் நோட்டில் ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இல்லை, இல்லை, இல்லை.

கடைசியில் ஒரு சக்கரத்தைக் கழற்றினபோதுதான் தெரிந்தது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, அச்சில், பஞ்சு சுற்றியிருந்தது. விளக்குத் திரி மாதிரி முறுக்கி, நகம்கூட இறங்காத இறுக்கம். அதை இழுத்துக்கொண்டு சுற்ற மோட்டார் திணறியிருக்கிறது, போர்டு சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. கிடங்கின் தரை முழுக்கப் பஞ்சுதான். நாங்கள் தினமும் அதன் மேல்தான் நடந்தோம். வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருந்தால் வாசலிலேயே கேட்டிருப்பார். எங்கள் ஊரில் மில்லிலிருந்து வருகிறவர்கள் தலையில் பஞ்சோடுதான் வருவார்கள். கொடியில் காயும் துணியில், பேருந்து சீட்டில், எங்கும் இருப்பதால் அது எங்கள் கண்ணில் படுவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

அணித்தலைவன் அந்தத் திரியை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினான். “ஏட்டி, போர்டு வித்தவன எம்புட்டுத் திட்டுனோம். நம்ம ஊருப் பஞ்சு நமக்கே வேட்டு வச்சிருக்கு பாரு.”

அக்ரிலிக் தகட்டில் நான்கு வளையங்கள் வெட்டினோம். அச்சு வெளியே தெரியாமல் மூடிக்கொள்ளும் அளவு. போட்ட பிறகு ரோபோ நிற்கவே இல்லை. இதை மூன்று தாள் நிறைய எழுதினேன். தவறான சந்தேகங்கள், புது போர்டு, பஞ்சின் படம், வளையத்தின் அளவு எல்லாம். கடைசியில் ஒரு வரியைக் கட்டம் கட்டி எழுதினேன்: இவற்றைக் கழற்றக் கூடாது, தரையில் நார் இருந்தால் அச்சில் சுற்றும். இன்று யோசித்தாலும் அந்த நோட்டில் மிக நல்ல பக்கங்கள் அவைதான் என்பேன்.

சார் மோசமானவர் இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும். கிடங்கு கேட்டு அலைந்தது அவர்தான், எங்களுக்காக நிர்வாகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவர்தான். ஆனால் ரெக்கார்டு திருத்தித் திருத்தியே ஆளானவர். எங்கள் நோட்டைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் அருவருப்பில் சுருங்கியதை நான் பார்த்தேன். நிர்வாகத்தார் பார்க்க வருவதாக இருந்தது. நோட்டைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் மாலை ரோபோவுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் தரையில் சிந்தாமல் இருக்கக் கீழே தாள் விரித்திருந்தது. குனிந்து பார்த்தால் என் கையெழுத்து. பஞ்சின் படத்துக்கு நடுவே நீலமாக ஒரு சக்கரத்தின் வட்டம் விழுந்திருந்தது.

நான் அந்தத் தாள்களை உருவி எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். அங்கே நல்ல கையெழுத்துள்ள மாணவிகள் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து புது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மார்ஜினுக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. என் பழைய நோட்டு மேஜையில் கிடந்தது, இளைத்துப்போய்.

விதியில் கிழிக்கக் கூடாது என்று இருப்பதைச் சொன்னேன். விதி எல்லாருக்கும்தான், ஆனால் குப்பையைக் கொடு என்று எந்த விதியும் சொல்லாது என்றார். பஞ்சுப் பக்கங்களைக் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மில்லுக்காரவிய நம்மள நம்பி எடம் குடுத்திருக்காவ. அவிய தரை பூரா பஞ்சு கெடக்குன்னு நாமளே எழுதி மதுரை வரைக்கும் கொண்டு போவமா? தப்பெல்லாம் நமக்குத் தெரிஞ்சாப் போதும்மா. பேப்பருக்கு எதுக்கு?”

எனக்குப் பதில் இருந்தது. நமக்குத் தெரிவது நாம் இருக்கும்வரைதான், நாளை வருகிறவர்களுக்குப் பேப்பரைத் தவிர வேறு வழி இல்லை என்று சொன்னேன். அவர் ஒரு மாணவியிடம் சிவப்பு மார்ஜின் கோணலாக இருப்பதைக் காட்டத் திரும்பிவிட்டார். புதிதாக எழுதியதை வாங்கிப் பார்க்க எனக்கு நேரம் தரவில்லை. பைண்டிங்குக்குப் போய், போட்டியன்று காலை மதுரைக்குப் புறப்படும் வேனில்தான் கைக்கு வந்தது. தங்க நிற எழுத்தில் கல்லூரியின் பெயர். நீலக் கறை பட்ட மூன்று தாளையும் நான் என் பையில் வைத்திருந்தேன்.

இப்போது அந்த ஜூனியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம், தேவதானத்திலிருந்து வருகிறவள். விவசாயக் குடும்பம். பொங்கல் கழிந்துதான் அணியில் சேர்ந்தாள். அப்போது பஞ்சுக் கதை முடிந்து வளையங்கள் மாட்டியாயிற்று. கல்லூரி விட்டதும் முதல் பேருந்தில் வீடு திரும்ப வேண்டும் என்பது அவள் வீட்டு வழக்கம். அணிப் பட்டியலில் பெயர் இருப்பதைப் போனில் படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் கடைசிப் பேருந்துக்குச் சம்மதித்தார்கள். ஆகவே அவளுக்கு அந்தப் பட்டியல் வெறும் காகிதம் இல்லை. பெயர் இருந்தால் ஆய்வகம் உண்டு, ஸ்பேனர் உண்டு, மாலை நேரம் உண்டு. இல்லாவிட்டால் நாலு மணிப் பேருந்து. திருகாணி முடுக்குவதில் அவளுக்குள்ள பொறுமை எங்களில் யாருக்கும் கிடையாது. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் படித்துப் பார்ப்பாள். பசை ட்யூபில் பொடி எழுத்தில் அச்சடித்ததைக்கூட வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். அணித்தலைவன் அவளை வக்கீலம்மா என்று கேலி செய்வான்.

மதுரையில் எங்களைப் பிரித்துவிட்டார்கள். நோட்டோடு என்னை நடுவர் அறைக்குள் அழைத்தார்கள். ஆசிரியர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அணித்தலைவன் பேட்டரி சார்ஜ் போடும் இடத்தில் வரிசையில் நின்றான். ரோபோவை எடை போட அவளும் சாரும் போனார்கள்.

நடுவர்கள் இருவர். இளையவர் புரட்டிவிட்டு, கையெழுத்து ரொம்ப அழகு என்றார். அதற்குள்ள மரியாதையோடு நன்றி சொன்னேன். மூத்த அம்மா முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நிதானமாகப் பார்த்துவிட்டு மூடினார்.

“இவ்வளவு நாள் ஒரு மெஷின் பண்ணியிருக்கீங்க. ஒண்ணுகூட உடையலையாம்மா?”

“உடைஞ்சது மேடம். இந்த நோட்டுல இல்ல.”

“பின்ன எதுல இருக்கு?”

பையிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்து வைத்தேன். இருவரும் குனிந்து படித்தார்கள். மூத்த அம்மா பஞ்சின் படத்தின் மேல் விரலை வைத்து, இந்த நீலம் என்ன என்று கேட்டார். பெயிண்ட் அடிக்கும்போது கீழே விரித்திருந்தார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனித் தாள்களைக் கணக்கில் எடுக்க விதி இல்லை என்று வருத்தமாகத்தான் சொன்னார். விதி சரிதான். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

எடை போடும் இடத்தில் நடந்ததை அவளும், பக்கத்து மேஜையில் இருந்த வேறு கல்லூரிப் பெண்ணும் பிறகு ஒரே மாதிரி சொன்னார்கள். ரோபோ அனுமதித்த எடையைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. முதல் நாள் சார் அதன் நெற்றியில் கல்லூரிப் பெயர்ப் பலகை ஒன்றைத் திருகியிருந்தார். தடித்த பலகை. எதையாவது கழற்றுங்கள் என்றார் சோதிப்பவர். அவள் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். சார் பக்கத்திலேயே நின்றார். பிறகு, எப்போதும் செய்வதைச் செய்தாள். நோட்டு என்னிடம் இருந்ததால், வேனில் தன் போனில் படம் எடுத்திருந்த அதன் பாகப் பட்டியலைத் திறந்து படித்தாள்.

பாகம்: சக்கர வளையம். எண்ணிக்கை: நான்கு. பயன்: தோற்றத்திற்காக.

படத்தில் வளையம் தெரிகிறது, காரணம் உள்ள பக்கம் கிழிந்துவிட்டது, கட்டத்தை வெறுமையாக விட்டால் ரெக்கார்டில் மதிப்பெண் குறையும். ஆகவே யாரோ ஒரு காரணத்தை எழுதி நிரப்பியிருக்கிறார்கள். எழுதிய நான்கு மாணவிகளில் ஒருத்தி என்ன போட என்று கேட்டாளாம், சார் அப்படிச் சொன்னாராம். கிழித்ததைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். காலியான இடத்தைப் பொய்யால் நிரப்பியதை என்ன சொல்வது?

அவள் சாரிடம் கேட்டும் இருக்கிறாள். சார், வளையத்த கழட்டிரவா என்று. அவர் போனில் நிர்வாகத்தாரிடம் பேசிக்கொண்டிருந்தார். சரி சரி என்று கையை ஆட்டினார்.

எடை சரியாகிவிட்டது. நான் அறையிலிருந்து வெளியே வந்தபோது ரோபோ களத்தில் இறங்கியிருந்தது. களத்தில் புதுக் கார்ப்பெட் விரித்திருந்தார்கள். புதுக் கார்ப்பெட் நார் உதிர்க்கும். இரண்டு பெட்டி அடுக்கியது. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது நின்றது. அந்த நிற்பை நான் கிடங்கில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, பெயர்ப் பலகை மினுங்க, கல்லூரியின் பெயர் எல்லாருக்கும் தெரியும்படி நின்றது.

களத்திலிருந்து தூக்கி வந்ததும் நானே சக்கரத்தைக் கழற்றினேன். சாம்பல் நிறத்தில் கார்ப்பெட் நார், அதே திரி, அதே இறுக்கம். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இதுக்காகவா அக்கா அந்த வளையம்? ஒரு வரி எழுதியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேனே.”

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். கட்டம் கட்டிய வரியைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

அடுத்த வாரம் துறைக் கூட்டத்தில் சார் தோல்விக்கான காரணத்தைச் சொன்னார். ஒரு இரண்டாம் வருட மாணவி எதையும் படிக்காமல் அவசரத்தில் பாகங்களைக் கழற்றிவிட்டாள், இனி அனுபவம் இல்லாதவர்களைக் கருவி தொட விடப்போவதில்லை என்றார். அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். எங்கள் அணியில் அந்தத் தங்க எழுத்து நோட்டை நம்பிப் படித்து, அதன்படி நடந்த ஒரே ஆள் அவள்தான். படிக்காதவள் என்று அவளைத்தான் சொன்னார்கள். நான் எழுந்து, அவள் படித்ததால்தான் கழற்றினாள், படித்ததில் இருந்ததுதான் தவறு என்றேன். அதைப் பிறகு பேசலாம் என்றார்கள். அணித்தலைவனும் எழுந்தான். அதையும் பிறகு பேசலாம் என்றார்கள்.

தன் பொய்யை அவரே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ரெக்கார்டில் ஏறிவிட்டால் அது நடந்ததாகிவிடும் என்ற பழக்கம் அவ்வளவு ஆழமானது. எங்களுக்கும் அதையேதான் மூன்றரை வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அளவு வராதபோது சீனியர் நோட்டைப் பார்த்துப் போட்ட ஒவ்வொருவரும், நாளைக்கு ஒரு பாலத்தின் மேலோ பாய்லரின் பக்கத்திலோ நின்று கையெழுத்துப் போடப்போகிறவர்கள். அங்கேயும் மார்ஜின் நேராகத்தான் இருக்கும்.

பரீட்சைக்கு முன்பு அடுத்த வருட அணிப் பட்டியலை ஆய்வகக் கதவில் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. அன்றே அவள் நாலு மணிப் பேருந்துக்குத் திரும்பிவிட்டாள். நான் மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு சாரிடம் மறுபடி போனேன். இந்த முறை கோபப்படவில்லை. கிழித்த பக்கம், பாகப் பட்டியலின் அந்த வரி உள்ள படம், கார்ப்பெட் நார், மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தவறை ஒப்புக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன்.

“சரிம்மா, விடு. அந்தப் பிள்ளைய வரச் சொல்லு. கருவி தொட வேண்டாம், நோட்டு எழுதட்டும். கையெழுத்து நல்லா இருக்கும்ல.”

நான் அதை அவளிடம் அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேருந்துப் படியில் ஒரு கால் வைத்தபடி கேட்டுக்கொண்டாள்.

“அந்த நோட்ட எழுதுறதுக்கு நான் எதுக்குக்கா? அதுக்கு ஒண்ணும் தெரியாத ஆளுதான வேணும்.”

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

இப்போதைய நிலை இது. ஃபேர் நோட்டு முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தயாரித்தவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இரண்டு முறை கேட்டார்கள், நான் போடவில்லை. துறைத்தலைவருக்கு நடந்ததை எழுதி, மூன்று தாளின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன், பதில் இல்லை. அணித்தலைவனும் தன் பங்குக்கு ஒன்று கொடுத்தான், அதற்கும் இல்லை. நான்கு வளையங்களும் என் பென்சில் பெட்டியில் இருக்கின்றன. ரோபோ வளையம் இல்லாமல் ஆய்வகத்தில் நிற்கிறது. பட்டியலில் அவள் பெயர் இன்னும் இல்லை.